எந்தக் கொழுப்பு?

என் கணவருடைய வருத்தம் (நோய்) முதலில் வாய்க்காலில்தான் தெரிந்தது. எங்கள் விசுவமடுப் பக்கத்தில் குளத்துத் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத்தான் வரும். அன்று முறை பக்கத்து வயல்கார அன்னலிங்கத்துக்கு. இவர் போய் அன்னலிங்கத்தின் மடையை அடைத்து, எங்கள் மடையைத் திறந்துவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணீர் கேட்டார்.

அந்த முறையை வகுத்தவரே இவர்தான். கமக்காரர் (விவசாயிகள்) சங்கத்துக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர். ஆகவே மறந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அண்ணைக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு. சொல்லி வையுங்கோ அக்கா" என்று அன்னலிங்கம் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று சொன்னார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு கலியாணவீட்டில், சாப்பிட்டுக் கை கழுவியவர் திரும்பவும் பந்தியில் போய் உட்கார்ந்து, தனக்கு ஒருவரும் சோறு போடவில்லை என்று சத்தம் போட்டார். என் தமக்கையைப் பார்த்து "நீர் ஆர்?" என்று கேட்டார். ஊர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் சொன்னது. நான் மறுக்கவில்லை. கொழுப்பு என்றால் கோபிப்பார்கள், அவ்வளவுதான். விசர், பைத்தியம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வாசலுக்கே வரமாட்டார்கள். இரண்டு வெட்கத்தில் சின்ன வெட்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கிளிநொச்சியில் இரத்தம் சோதித்தபோது கொலஸ்ட்ரோல் (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) கூட என்றார்கள். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஊர் சொன்னதையே ஆஸ்பத்திரியும் சொல்கிறதே! அந்தக் கொழுப்பை இறக்கினால் இந்தக் கொழுப்பும் இறங்கும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் இது நடக்கும்போது நீங்களும் எதையாவது நம்புவீர்கள்.

தேங்காய்ப்பால் நின்றது, முட்டை நின்றது, பொரியல் நின்றது. அவித்த மரக்கறியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஒருநாள் நேரே அன்னலிங்கம் வீட்டுக் குசினிக்குள், அடுப்படிக்கே போய், "தங்கச்சி, கொஞ்சம் சொதி தாரும். என்ர மனுசி என்னைப் பட்டினி போடுறா" என்று கேட்டிருக்கிறார். அன்னலிங்கத்தின் மனைவி தேங்காய்ப்பால் விட்ட அந்தச் சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றும் கேட்காமல் என் கையில் கொண்டுவந்து தந்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யுத்தம் நின்று, பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. பஸ் ஏறி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இவரைப் பார்த்தவர் ஒரு பெண் டொக்டர்.

"இப்ப எத்தினை மணி இருக்கும் ஐயா?"

"மணிக்கூட்டை நீங்கள் கையில கட்டிக்கொண்டு என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. "கோவியாதேங்கோ டொக்டர். அவருக்குக் கொழுப்பு."

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருசத்துக்கு மேல. எல்லாரோடையும்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்மா, நீங்கள் எந்தக் கொழுப்பைச் சொல்லுறியள்?"

எனக்கே தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி வைத்திருந்தேன்.

டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் மெல்ல மெல்லத் தேயும் நோய்). பிறகு பொறுமையாக விளக்கினார். மூளைக்கும் கொலஸ்ட்ரோல் வேண்டும். ஆனால் சாப்பாட்டில் இருந்து அது மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். செய்கிற உயிர்க்கலத்திலிருந்து தேவைப்படுகிற கலத்துக்கு அதைச் சுமந்துபோக ஒரு புரதம் (உடம்பு தானே உண்டாக்கும் ஒரு பொருள்) இருக்கிறது. சிலருக்கு அந்தச் சுமக்கிற வேலை சரியாக நடக்காது. இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். முழுக் காரணமும் இன்னும் தெரியாது.

இவர் திடீரென்று இடையில் சொன்னார்: "குளத்தில தண்ணி இருக்கு. வாய்க்கால்தான் தூர்ந்துபோச்சு."

"ஓம் ஐயா, கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப வெட்டித் துப்புரவாக்குங்கோவன்."

"அதுக்குத்தான் வழி தேடுகினம் ஐயா. இன்னும் கிடைக்கேல்லை."

இவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள், எதற்காக வந்தோம் என்று என்னைக் கேட்டார். அன்று இரவு சொதி வைத்தேன். அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நோயின் பெயர் தெரிந்த பிறகும் ஊரில் சொல்ல வாய் வரவில்லை. கதிர் வரும் நேரத்தில் இவர் மறுபடி அன்னலிங்கத்தின் மடையை அடைத்தார். சங்கம் கூடியது. எங்கள் முறையை நிறுத்த வேண்டும் என்றார்கள், தலைவராக இருந்த திமிர் என்றார்கள். தண்ணீர் போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடுவேன். ஒருவருடைய முறையிலும் கைவைக்காத மனுசன் இவர். அந்தப் பெயர் போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எழும்பினேன். "அவருக்குக் கொழுப்பில்லை. மூளையில வருத்தம். முறை மறந்துபோச்சு."

முன்வரிசைக் கதிரையில் இருந்த இவர் திரும்பிப் பார்த்து, "ஆருக்கு வருத்தம்? பாவம்" என்றார்.

அன்னலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "முந்தியே சொல்லியிருக்கலாமே அக்கா. எவ்வளவு ஏசிப்போட்டன்."

அதற்குப் பிறகு மடையடியில் இவரைக் கண்டால், "உங்கட வயலுக்கு விட்டாச்சு அண்ணை" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். ஒவ்வொரு காலையும் இவர் என்னைக் கேட்பார்: "இண்டைக்கு எங்கட முறையோ?" நான், "ஓம், எங்கட முறைதான்" என்பேன். பொய்தான். டொக்டர் தந்த குளிசைகளைவிட அந்தப் பொய்தான் அவரை ஆற்றியது. உங்களுக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டால் கூச்சப்படாதீர்கள்.

பிறகு யுத்தம் திரும்பவும் வந்து வயலும் வாய்க்காலும் கைவிட்டுப் போயின. கடைசியில் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் ஒரு அகதி முகாமில் இருந்தோம். அங்கே எனக்கும் கிழமை, திகதி எல்லாம் கழன்றுவிட்டன. தண்ணீர் வந்த நாள், வராத நாள், அவ்வளவுதான் நாள். வாளி தூக்கித் தூக்கி என் தோள்மூட்டு வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது.

ஒருநாள் தண்ணீர் வரிசையில் இவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "கிழவனுக்குக் கொழுப்பைப் பார்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பழையபடி முகம் சுட்டது. ஆனாலும் திரும்பி, "வருத்தக்காரன் பிள்ளை, கோவியாதையும்" என்றேன். அவரைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினேன். வரிசை நகர்ந்து நகர்ந்து எங்கள் வாளி குழாயடிக்கு வந்தது.

"இண்டைக்கு எங்கட முறையோ?"

"ஓம்" என்றேன். "எங்கட முறைதான்."

அன்றைக்கு மட்டும் அது பொய்யில்லை.