சுரண்டாத பெயிண்ட்

என் அண்ணன் அய்யாவு முன்கோபக்காரர். பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோட்டில் முப்பது வருஷம் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தவர். ஸ்பேனரை வீசி வாடிக்கையாளர் ஒருவரின் கார் கண்ணாடியை உடைத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரரின் பல்லையும். போன மாதம் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது தங்கமான மனுஷன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தங்கமெல்லாம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழைய காரில் விளக்கு எரியவில்லை என்றதும் பல்பை மாற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பல்பு என்னடா பண்ணும்? எர்த்தைப் பாரு" என்பார். கரண்ட் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, காரின் தகரம் வழியாக பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். அதற்கான வயரைத் தகரத்தோடு முடுக்கும் இடம்தான் எர்த். அங்கே துருவோ பெயிண்டோ இருந்தால் விளக்கு மினுக்கும், ஒருநாள் அணைந்துவிடும். அதனால் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் திருகாணி போடுவார். முடித்ததும் டிக்கி மேல் ஓங்கி ஓர் உதை. அதற்கும் விளக்கு அணையாவிட்டால்தான் வண்டி வெளியே போகும்.

ஒரே ஒரு நாள் அப்படிச் செய்யவில்லை.

பால் வியாபாரி கிருஷ்ணப்பாவின் இருபது வருஷத்து வெள்ளைக் கார் அது. பின் விளக்கு இரண்டும் செத்துக் கிடந்தன. டிக்கிக்குள் இரண்டுக்கும் பொதுவான எர்த் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கிருஷ்ணப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பேக மாடப்பா, சீக்கிரம்! ஒரு லைட்டுக்கு ஒரு நாளா? உங்க ஊர்ல மாட்டு வண்டிதான ஓட்டுவீங்க, கார் எங்க தெரியும்?"

அண்ணனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. டிங்கரிங் செய்து புதுப் பெயிண்ட் அடித்திருந்த இடத்தில் அப்படியே திருகாணியை முறுக்கினார். விளக்குகள் எரிந்தன. "எரியுது, எடுத்துட்டுப் போய்யா!" உதைத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறே முக்கால். நல்ல மழை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நான் கடையில் நின்றிருந்தேன். இருநூறு அடி தள்ளி, ஒரு டெம்போ அந்தக் காரின் பின்னால் போய் மோதியது. பின் சீட்டில் இருந்த கிருஷ்ணப்பாவின் தம்பி பரத் அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

நாங்கள் ஓடிப்போனபோது டெம்போ டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர், பெயர் தினேஷ். ஒருவன் ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் மழையிலும் கேட்டது.

"லைட்டே இல்லண்ணா... எங்கம்மா மேல சத்தியமா, லைட்டே இல்லண்ணா..."

நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, கையில் ஜாக்கி ராடுடன் நின்றிருந்தார் கிருஷ்ணப்பா. அண்ணனைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"இவர்தான் காலையில ரெடி பண்ணாரு. ஹேளு அய்யாவு! லைட் எரிஞ்சுதா இல்லையா? நீ சொல்லு, இவன முடிச்சிடறேன்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். கடையும் பெயரும் தப்பியிருக்கும். தினேஷ் தப்பியிருக்க மாட்டார்.

அண்ணன் நசுங்கிய டிக்கி பக்கம் குனிந்தார். கண்ணாடி நொறுங்கிய பல்பைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எரிந்துகொண்டிருக்கும்போது பல்பு உடைந்தால் உள்ளே இருக்கும் கம்பி கருகி, வெள்ளைப் பொடி பூத்துவிடும். இந்தக் கம்பி பளபளவென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. எர்த் வயரைத் தொட்டார். திருகாணியோடு கையில் வந்தது. அடியில் பெயிண்ட் கலையாமல் இருந்தது.

"விடுங்கடா அவன" என்றார். யாரும் விடவில்லை. ஹெல்மெட்காரனை நெஞ்சில் உதைத்துத் தள்ளிவிட்டுக் கத்தினார். "லைட் எரியல! என் வேலை சரியில்ல. அவன் மேல தப்பில்ல, தப்பு என்னுது! தப்பு நந்து!"

ராடு முதலில் தோளில் இறங்கியது. அண்ணன் விழுந்தார். எதிர்க்கடைக்காரரின் பல்லை உடைத்த மனுஷன், திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. எவனோ அவருடைய வலது மணிக்கட்டைத் தார் ரோட்டோடு சேர்த்து மிதித்துக்கொண்டான். கிருஷ்ணப்பா விரல்கள் மேல் அடித்தார். மூன்று முறை. "பரத், பரத்" என்று அழுதுகொண்டே அடித்தார். போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் முதலில் கேட்டது, "அந்த டிரைவர் இருக்கானா?"

"இருக்காருண்ணே. மூக்கும் விலா எலும்பும்தான் போச்சு. பொழச்சிக்குவாராம்."

வாக்குமூலம் வாங்கக் கான்ஸ்டபிள் வந்தார். அண்ணனால் எழுத முடியாது, நான்தான் எழுதினேன். 'வாகனம் குலுங்கியதில் வயர் கழன்றிருக்கலாம்' என்று போட்டிருந்தேன்.

"படி மகா."

படித்தேன்.

"அத அடிச்சிடு. அதுவா கழண்ட மாதிரி எழுதியிருக்க."

"உள்ள போட்டுருவாங்கண்ணே."

"போடட்டும். கோவத்துல பெயிண்ட்ட சுரண்டாம விட்டேன்னு எழுது. எம்.ஏ. படிச்சவதான? உள்ளத எழுத வராதா?"

அடித்துவிட்டு எழுதினேன். இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, அந்த வரிக்குக் கீழே அழுத்தி வைத்தார்.