கிரீன் டீயும் 365 படியும்

இன்று காலை சென்னை போகும் ரயிலில், எதிர் சீட்டுக்காரர் பை நிறைய கிரீன் டீ பாக்கெட் வைத்திருந்தார். என்னோடு வந்தவர் அக்கா வீட்டுக்காரர், என் பாவா. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரைய நிறுத்திட்டு இத குடிங்க சார். விஞ்ஞானத்துல நிரூபிச்சது."

எப்படி நிரூபித்தார்கள் என்று கேட்டேன்.

"எங்க தெரு வாத்தியாரு ஒரு மண்டலம் குடிச்சாருங்க. எட்டு கிலோ இறங்கிச்சு. சுகரும் நார்மல்."

எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தால், அந்த வாத்தியாரை எனக்கும் தெரியும். முருகனுக்கு வேண்டிக்கொண்டு, அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரே வேளை சாப்பிட்டு, தினமும் மலைக்கோயிலின் 365 படி ஏறி இறங்கியவர். கஷ்டப்பட்டது அவர் கால்கள், பெயர் மட்டும் டீத்தூளுக்கு.

"படி ஏறாம குடிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஆங், நானே மூணு வருசமா குடிச்சுகினு இருக்கேன். முட்டி வலிங்க, மலைக்குக்கூட பஸ்ஸுலதான் போறேன்."

பொத்தான் எட்டாத அவர் சட்டையை நானும் பாவாவும் பார்த்தோம். மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவு எதிரிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாவா அப்படியும் இரண்டு பாக்கெட் வாங்கினார்.

உங்கள் வீட்டில் எத்தனை பாக்கெட்?