முக்கோணக் கண்ணாடியின் காற்று

கடைத்தெருவில் அவரைக் காலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்க ஆள் நிறைய உண்டு. கழுத்தை உறுத்தாமல் காலர் வைக்க அவர் ஒருவர்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கார் என்றால் மட்டும் சிம்ம சொப்பனம். கதவைச் சாத்தினாலே குமட்டும்.

அவருக்கு வாய்த்த மனைவியோ கார்ப் பைத்தியம். தபால் ஆபீஸ் வேலை முடிந்ததும், தன் அப்பா விட்டுப்போன பழைய காரில் வந்து கடை வாசலில் ஹாரன் அடிப்பாள். ஏசி இல்லாத காலத்து வண்டி. முன் ஜன்னலின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு; தனியாகத் திரும்பும். அதை எதிர்க்காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தினால், காற்றை வாரி அவர் முகத்தில் கொட்டும். குமட்டல் போன இடம் தெரியாது. ஏரிக்கரைச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி வருவார்.

வீட்டுக்கு வந்ததும், அவர் தைத்துக் கொடுத்த அவளது காலர் ஜாக்கெட்டைப் பார்த்து ராஜாவுக்கு ஒரே புகார்தான்.

"பார்த்துப் பார்த்து வச்ச காலர்டி. எங்க போய் இப்படிச் செம்மண் தூசியப் பூசிட்டு வர்றே?"

"ரோட்டுல உருண்டுட்டு வர்றேன், போதுமா?" என்று சிரிப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு கார் கொட்டகையில் கிடந்தது. அவர் கடைக்கு நடந்தே போனார். சாயங்காலம் எவன் ஹாரன் அடித்தாலும் கையில் கத்தரி நின்றுவிடும். அந்தக் காற்று ஒரே ஒரு தடவை முகத்தில் பட்டால் போதும் என்று ஏங்கி ஏங்கி, கடைசியில் வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேவிட்டார்.

மகள் மெக்கானிக்கைப் பிடித்து வண்டியைக் கிளப்பினாள். முக்கோணக் கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டாயிற்று. அதே ஏரிக்கரைச் சாலை. அவர் கண்ணாடியைத் திருப்பினார். இரைச்சல்தான் வந்தது, காற்று வரவில்லை. இன்னும் திருப்பினார். ஊஹூம். அதுவும் அவளோடு போய்விட்டதா? குமட்டல் வேறு.

"ஒரே ரப்பர் நாத்தம்ப்பா," என்று மகள் வண்டியை ஓரம் கட்டி, தன் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஜன்னலை ஒரு சாண் இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

காற்று வந்தது. அதே காற்று. உள்ளே அடைந்து கிடந்தது வெளியேற வழி கிடைத்ததும், முன்னாலிருந்து புதுக்காற்று குபுகுபுவென்று நுழைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் அவளே உட்கார்ந்து ஓட்டுவதுபோல் இருந்தது.

மகள் இருமினாள். திரும்பிப் பார்த்தார். பின் ஜன்னல் வழியாகச் சாலைத் தூசி சுழன்று வந்து அவள் கழுத்தில் அப்பிக்கொண்டிருந்தது. அவர் தைத்த வெள்ளைக் காலர். அதே செம்மண் கறை.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கண்ணை மூடியிருந்த நாளெல்லாம் அவளும் இந்தப் பின் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறாள்.

"அந்த ஜன்னல ஏத்திடும்மா."

"காத்து நின்னுடுமேப்பா. இதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க?"

"நிக்கட்டும்."

வண்டியை நிறுத்தி ஏற்றினாள். காற்று நின்றது. அவர் கையை நீட்டி, மகளின் காலரில் இருந்த தூசியை மெல்லத் தட்டிவிட்டார். இவள் அம்மாவுக்கு ஒருநாள்கூட இதைச் செய்ததில்லை.