என் மகளின் குடும்பப் பெயர் ‘இல்லை’

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் ஒரே மகள் இரண்டு பேராகிவிட்டாள்.

ஜெர்மனியிலிருந்து வந்த மின்னஞ்சல் அப்படித்தான் சொன்னது. பாஸ்போர்ட்டில் இருப்பவர் ‘ஜெருஷா ஞானராஜ்’. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாச் சான்றிதழ்களிலும் இருப்பவர் ‘இல்லை ஜெருஷா ஞானராஜ்’. இருவரும் ஒருவர்தான் என்று அதிகாரி முன்னால் சத்தியம் செய்த பத்திரம் வேண்டும். பெயர் எங்கே, எப்படி மாறியது என்பதைக் காட்டும் மூலப் பதிவும் வேண்டும். பத்து நாளுக்குள் வராவிட்டால், அரசியல் அறிவியல் முதுகலையில் அவளுக்காக வைத்திருக்கும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதையாக வரும் கெட்ட செய்தியைத் திட்டக்கூட முடிவதில்லை.

‘இல்லை’ என்பது அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது அவளுடைய குடும்பப் பெயர். அதை அவளுக்குச் சூட்டிய பெருமை முழுக்க என்னையே சேரும்.

சபையில் எழுந்து, ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தால், நான் பாட்டுப் புத்தகத்தின் பொருளடக்கத்தை மிகுந்த கவனத்தோடு படிக்கிறவன். இத்தனை வருஷமும் அப்படித்தான் தப்பித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். தொழிலாளர்கள் தரும் படிவங்களில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒத்துப்போகாவிட்டால் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். ஆம், உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்க, எனக்கு வாய்த்தது அதுதான்.

இனி ‘இல்லை’க்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர், கடைசியில் அப்பா பெயர். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்தே போதும். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது பள்ளி எழுத்தர் நிமிராமலே கேட்டார்: “ஆட்நாவ் காய்?”

என் மனைவி கிரேஸ் என் முழங்கையை இடித்தாள். “என்னங்க கேக்காரு?”

“குடும்பப் பேரு கேக்கிறார்” என்றேன். “நமக்கு ஏது? இல்லை.”

எழுத்தர் தலையசைத்தார். “அச்சா. இல்லை. எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஆட்நாவ் ‘பிள்ளை’. அந்த மாதிரி.” எழுதிவிட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். வரிசையில் நிற்கும்போது படிப்பதற்கென்று ஒரு தடித்த நாவல் வைத்திருந்தேன். கொலைகாரன் யார் என்று தெரிய நாலே பக்கம் பாக்கி.

வருஷக்கடைசியில் மதிப்பெண் அட்டை வந்தபோதுதான் பார்த்தோம். கிரேஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ‘அப்புறம்’ பதினைந்து வருஷம் நீண்டது. மகளுடைய மராட்டித் தோழிகள் அவளை “ஏய் இல்லை, இக்டே யே!” என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஒரு நல்ல நகைச்சுவைக்காக மகளின் பெயரையே செலவழித்த தகப்பன் நான்.

அவள் அரசியல் அறிவியல் படிக்கப் போகிறாள் என்றபோது சபையில் செல்வின் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, எந்தக் கட்சி?”

“கட்சி இல்லண்ணே. இது படிப்பு.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார்.

உண்மையில் அவள் படிக்க விரும்பியது, ஓர் அரசு தன் மக்களை எப்படிப் பெயரெழுதி வைத்துக்கொள்கிறது, யாரை எழுதாமல் விடுகிறது என்பதை. சாப்பிடும்போது தினமும் வகுப்பெடுப்பாள். அவள் தமிழ் இந்தியில் கொஞ்சம் தடுக்கி விழும், ஆனால் எழுந்துவிடும். “அப்பா, ஸ்டேட்னா பார்லிமென்ட் மட்டும் இல்ல. உங்க லால் பேனா இருக்கு நா, அதுவும் ஸ்டேட்தான்” என்றாள் ஒருநாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அலைந்தேன். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வாரக்கணக்கில் ஆகும் என்றார் ஒரு வழக்கறிஞர். பள்ளிக்குப் போனால் கோடை விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு இரும்புக் கதவும் பூட்டும்தான் என்னை வரவேற்றன. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். கிரேஸ் அன்று முழுக்க உபவாசம். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். செல்வின் அண்ணன் கட்சியை மறந்து முழங்காலில் நின்றார். நான் மட்டும் மனதுக்குள் மிச்சமிருக்கும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெருஷா தன் ஜெர்மன் அகராதியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். “பரவால்ல அப்பா. சலேகா” என்றாள்.

என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பரவாயில்லை என்று சொன்னது என்னை உடைத்துவிட்டது. அந்த இடத்துக்காக அவள் இரண்டு வருஷம் படித்தாள். நான் நாலு பக்கம் படிப்பதற்காக அதைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கோப்பறைக்குள் போனேன். சாப்பிட முடியவில்லை. இரும்பு அடுக்குகளுக்கு நடுவில் நின்று ஜெபிக்க முயன்றேன். எனக்கு ஜெபம் வராது, விண்ணப்பம்தான் வரும். ‘பொருள்: மகளின் பெயர் தொடர்பாக’ என்றே தொடங்கினேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. பிறகு என்னை அறியாமல் சத்தமாகச் சொன்னேன்: “ஆண்டவரே, தப்பு என்னுடையது. அவளைத் திருப்பி அனுப்பிவிடாதேயும்.”

என் வாயிலிருந்து வந்தது என் அலுவலக வார்த்தை. திருப்பி அனுப்புவது. இருபத்தாறு வருஷமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? கோப்புகள் இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துத் திறந்தால், வாசலில் பாலாசாஹேப்.

அவர் எங்கள் கடைசல் பிரிவில் லேத் இயந்திரத்தில் வேலை செய்பவர், வீடு கசார்வாடியில். கண்புரை வந்த தன் அம்மாவை மருத்துவ அட்டையில் சேர்க்க விண்ணப்பித்திருந்தார். ஆதாரில் ‘பாலாசாஹேப்’ ஒரே சொல். படிவத்தில் ‘பாலா’வுக்கும் ‘சாஹேப்’புக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைச் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை அதைச் சரி செய்தார். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து உதைத்தது. இப்படியே நாலு முறை. இது ஐந்தாவது. ஆண்டவரிடம் ஒரு தேவதூதனைக் கேட்டால், அவர் பாலாசாஹேபை அனுப்பியிருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

“சாஹேப், அழுதீங்களா?” என்றார் மராத்தியில். பிறகு அவசரமாக, “என் படிவம் அவ்வளவு மோசமா இல்லையே!” என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் மெதுவாக ஒரு பெரிய சந்தோஷம் பரவியது. அதை அவர் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அரே தேவா! உங்க வீட்லயுமா?”

“என் வீட்லதான்.”

“யார் எழுதினது?”

“எழுத்தர். ஆனா கையெழுத்து என்னுது.”

ஒரு கவிழ்ந்த டப்பாவின் மேல் உட்கார்ந்தார். “சாஹேப், நீங்க நாலு தடவை என்னைத் திருப்பி அனுப்புனீங்க. நாலு தடவை அலைஞ்சதுல புனேல எந்த ஆபீஸ்ல எந்த ஜன்னல்னு எனக்கு அத்துப்படி. உங்க பள்ளிக்கூடம் லீவுதான். ஆனா டி.சி. வாங்க வர்றவங்களுக்காகக் காலைல பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு ஆள் இருப்பாரு. நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?”

“மூணு மணிக்கு.”

“பெரிய ஆபீசரு” என்றார். “தாலுகா ஆபீஸ்ல எல்லாரும் மூணாம் ஜன்னல்ல நிப்பாங்க. அங்க நிக்கக் கூடாது. அது வருமானச் சான்றுக்கு. பின்பக்கம் வேப்பமரத்தடில தட்டச்சுக்காரர் இருக்காரு. ‘ரெண்டு பேரும் ஒரே ஆள்’னு பத்திரம் அவர் அடிச்சாத்தான் அதிகாரி எதையும் அடிச்சுத் திருத்தாம கையெழுத்துப் போடுவாரு. நாளைக்கு நானும் வர்றேன். லீவு தருவீங்கதானே?”

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் இருந்தோம். ஜெருஷா, நான், பாலாசாஹேப். ஆள் இருந்தார்! பழைய சேர்க்கைப் படிவக் கட்டு ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். பதினாறு வருஷத்துக் காகிதம். ‘ஆட்நாவ்’ என்ற இடத்தில் அழகான மராத்தி எழுத்தில் ‘இல்லை’. அடியில் ஒரு வரி: ‘மேற்கண்ட விவரங்களைப் படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன.’ அதன் கீழே பூப்போட்ட மாதிரி என் கையெழுத்து.

பாலாசாஹேப் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை மெல்ல உருவி, என் கையில் கொடுத்து, “சுழிங்க சாஹேப்” என்றார்.

ஜெருஷா சிரித்த சிரிப்பில் பள்ளி வராந்தாவில் புறா பறந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைக் கேட்டேன். எனக்கு அதுவே பாதி ஜெபத்துக்குப் பதில்.

புதன்கிழமை தாலுகா அலுவலகம். பின்பக்கத்து வேப்பமரம், தட்டச்சுக்காரர் எல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. அதிகாரி பத்திரத்தைப் படித்து நெற்றியைச் சுருக்கினார்.

“‘இல்லை’ன்னா என்ன அர்த்தம்?”

“நஹி, சாஹேப்” என்றேன்.

“அர்த்தம் இல்லையா?”

“அர்த்தமே ‘நஹி’தான் சாஹேப்.”

“அப்போ பொண்ணோட ஆட்நாவ் ‘நஹி’யா?”

“நஹி சாஹேப், ‘இல்லை’” என்றார் பாலாசாஹேப் குறுக்கே.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னோம். மகளுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். முத்திரை விழுந்தது. தும்! அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வியாழக்கிழமை, பத்தாவது நாள், பத்திரமும் பள்ளிப் பதிவும் மின்னஞ்சலில் ஜெர்மனிக்குப் போயின. வெள்ளி, சனி, ஞாயிறு. கிரேஸ் ஜெபித்தாள். நான் இந்த முறை நாளை எண்ணவில்லை, கூடவே முழங்காலில் நின்றேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது கைபேசி அடித்தது.

“அப்பா! ஹோ கயா! வந்துடுச்சு! ரெண்டு பேரும் ஒண்ணுதானாம், ஒத்துக்கிட்டாங்க! அப்பா, கேக்குதா? அழாதீங்க நா!”

பின்னால் கிரேஸின் குரல்: “ஏட்டி, போனைக் கொடு. ஏங்க, இங்க பாருங்க, வரும்போது கால் கிலோ ஜிலேபி வாங்கிட்டு வாங்க. இல்ல, அரைக் கிலோவா வாங்குங்க. அந்தப் பாலாசாஹேப் வீட்டுக்கும் கொடுக்கணும்லா?”

நான் கடைசல் பிரிவுக்கு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், தொந்தியோடு, தொழிற்சாலைக்குள் ஓடினேன். ஓடக் கூடாது என்ற பலகை எங்கள் பிரிவு வைத்ததுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பாலாசாஹேபின் ஐந்தாவது படிவம். கோப்பறையில் அழுத அன்றே அதைப் பார்த்தேன். அதிலும் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. என் கையாலேயே அந்தப் புள்ளியை வைத்து அனுப்பினேன். அந்த வாரமே அட்டை வந்து, அவர் அம்மாவுக்குக் கண் அறுவையும் முடிந்துவிட்டது. அன்று ஜிலேபியோடு போனபோது கட்டுப் போட்ட கண்ணோடு அந்த அம்மா என் கையைத் தடவினார். அடுத்த முறை போனபோது கட்டு இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்து, “நாலு தடவை திருப்பி அனுப்பின சாஹேப் இவர்தானா? பார்த்தா அப்படித் தெரியலையே” என்றார். என் வாழ்க்கையில் வாங்கிய சான்றிதழ்களில் இதுதான் பெரிது.

என் மேஜைக்கு எதிரே இப்போது ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முன்பு அங்கே நாற்காலி கிடையாது. நின்றால் சீக்கிரம் போவார்கள் என்று. இப்போது படிவத்தில் தப்பு இருந்தால் உட்கார வைத்து, அதை எங்கே, எந்த ஜன்னலில் சரி செய்வது என்று எழுதித் தருகிறேன். சந்தேகமிருந்தால் பாலாசாஹேபைக் கேட்கிறேன்.

ஜெருஷா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். பல்கலைக்கழக அடையாள அட்டையில் சான்றிதழ்ப்படிதான் பெயர் வரும் என்று சொல்லி ‘இல்லை’ என்றே அச்சடித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் பேராசிரியை பெயருக்கு அர்த்தம் கேட்டாராம். இவள் பள்ளி எழுத்தரிலிருந்து வேப்பமரம் வரை முழுக் கதையும் சொல்லியிருக்கிறாள். அதையே முதல் கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டாராம். என் முட்டாள்தனம் இப்போது ஜெர்மனியில் பாடம்.

“மாத்திடலாமா பாப்பா, அந்தப் பேரை?” என்று கேட்டேன்.

“நஹி அப்பா” என்றாள். “இது என்னோட ஆட்நாவ்.”

அன்பான சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது இப்போது பூட்டிய கதவின் முன் மூன்று மணிக்குப் போய் நின்றுகொண்டிருக்கலாம். திரும்பிப் போய்விடாதீர்கள். என் ‘இல்லை’யைக் கொண்டே என் மகளுக்கு ‘ஆம்’ சொன்னவர் உங்களையும் கைவிட மாட்டார். பதில் நீங்கள் நான்கு முறை திருப்பி அனுப்பிய ஆளின் உருவத்தில் வரலாம். எதற்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். முழு மனதோடு விசுவாசியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், தயவுசெய்து, வாசியுங்கள்.