பூச்சு அறையில் கற்பூரம்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். கெட்டுப்போன ரத்தக்குழாய்க்குப் பதிலாக உடம்புக்குள் வைத்துத் தைக்கிற துணிக்குழாய் செய்தோம். வெறும் துணி என்றால் ரத்தம் கசியும். அதனால் ஜெலட்டின் என்ற புரதத்தைக் கரைத்து, மேலே மெல்லிய படலமாகப் பூசிக் காயவைப்போம். காயும்வரை தூசி தும்பு விழக்கூடாது.

அந்தப் பூச்சு அறைக்குள் போகிற பெண்கள் பூ வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது, நெற்றிப்பொட்டைக்கூட எடுத்துவிட வேண்டும். மேனேஜர் போட்ட சட்டம். கல்யாணமாகி மறுவாரம் வந்த பெண்ணையும் அவர் விடவில்லை.

ஆயுதபூஜை அன்று அவரே குருக்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவசர ஆர்டர் என்று காலையில் பூசிய குழாய்கள் உள்ளே தட்டுகளில் ஈரமாகக் கிடந்தன. பூச்சு வேலை பார்த்த, ஜவளகிரி கிராமத்துப் பெண் கெஞ்சினாள்.

"சாயங்காலம் காஞ்சிருங்க சார். இப்ப வாசல்லயே பண்ணிக்கலாங்க."

"ராகுகாலம் வந்துரும்மா. மிஷின் உள்ள இருக்குது, வாசல்ல பண்ணி என்ன பிரயோசனம்?"

சாம்பிராணி, கற்பூரம், விபூதி எல்லாம் உள்ளே போயின. சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் எங்கள் நெற்றியைச் சுரண்டிவிட்டு மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாரே, அதை எங்கே போய்ச் சொல்ல?

லீவு முடிந்து வந்து லென்ஸில் பார்த்தேன். படலம் முழுக்கக் கரும்புள்ளி. ஒரு தட்டுகூடத் தேறவில்லை. "கற்பூரப் புகைங்க சார்" என்றேன். சாமி காரியத்தில் குறை சொல்லாதே என்று என் வாயை அடைத்துவிட்டு, ஜவளகிரிப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் காண்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவள். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"பவுடர் போட்டுட்டு உள்ள போயிருக்கற. நாளையிலருந்து வரவேண்டாம்."

"பவுடர் எந்த ஊர்லங்க சார் கறுப்பா இருக்குது?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் அழவில்லை. குழாய் துடைக்க வைத்திருந்த நீலத் துணி ஒன்றை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தாள். அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"நல்லாப் பாருங்க சார். அன்னைக்கும் இப்படித்தான் வந்தேன்."

மேனேஜர் பார்த்தார்.

"இம்போர்ட்டட் துணிம்மா அது. அதுல போயி மூஞ்சியத் தொடைக்கறயே?" என்றார்.