நான் எழுதிக் கொடுத்த இருபது பதில்கள்

ஆல்பனியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் லின்ஃபீல்டில் உள்ள எங்கள் வீட்டில், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த நம் தமிழர்களை வேலை நேர்காணலுக்குத் தயார் செய்வேன். வாரம் முழுக்கச் செய்யும் வேலையைவிட இதில்தான் என் மனம் நிறைகிறது.

சென்ற ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுகன்யாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நேர்காணல். அவளுடைய விசா முடிய மூன்று மாதமே இருந்தது. பொதுத்தேர்வுக்குப் படித்த பழக்கத்தில், இருபது கேள்விகளுக்கு நானே பதில் எழுதிக் கொடுத்து, ஒரு வரி பிசகாமல் ஒப்பிக்க வைத்தேன்.

வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டு அந்தக் கூடத்துக்கு அவளைப் போன் செய்யச் சொன்னேன்.

"பதில் எல்லாம் நல்லதாம் அக்கா. ஆனா நான் எப்படிப்பட்ட ஆள் எண்டு கடைசி வரைக்கும் விளங்கேல்லையாம்," என்றாள்.

தப்பு என்னுடையதுதான் என்று புரிந்தது.

அடுத்த நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது நான் எதையும் எழுதவில்லை. "ஊர்ல லேப்ல உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த நாள் எது, சொல்லு," என்றேன்.

"ஒருநாள் ரெண்டு பேரின்ர ரத்த சாம்பிளை மாத்திப்போட்டன் அக்கா. நானே கண்டுபிடிச்சு டொக்டரிட்டப் போய்ச் சொன்னனான். நல்லா ஏச்சு வாங்கினனான்."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லயே அக்கா."

அதையே அங்கே சொன்னாள். வேலை கிடைத்தது.

இப்போது யார் வந்தாலும் டீ கொடுத்துவிட்டு, முதல் அரை மணி நேரம் அவர்களையே பேச விடுகிறேன். நோட்டும் பேனாவும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.