கத்தச் சொல்லித் தரும் டீச்சர்

பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அய்யம்மாள் டீச்சர் படியில் நின்றபடி அதட்டுகிறார்: "ம், கத்துங்க!" உள்ளே பதினொரு பிள்ளைகள் தட்டுகளால் கதவை அடிக்கிறார்கள். "உள்ள நான் இருக்கேன்! கதவத் தொறங்க!" என்று அவரவர் பேரையும் சேர்த்துக் கூப்பாடு போடுகிறார்கள். எதிர்த் தோட்டத்தில் தக்காளி பறிக்கும் பெண்கள் ஆரம்பத்தில் பதறியடித்து ஓடி வந்தவர்கள்தான். இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

சாணார்பட்டிப் பக்கத்து அங்கன்வாடி அது. டீச்சருக்கு இருபத்தாறு வருஷச் சர்வீஸ். ஜூனில் எல்.கே.ஜி.க்கு வேன் ஏறப்போகும் பிள்ளைகளுக்குச் சட்டைப் பட்டன் போட, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க, கால் கழுவ, ஒண்ணுக்கு வந்தால் விரலைத் தூக்கிக் கேட்க எல்லாம் பழக்கிவிடுவார். கொண்டைக்கடலையை இரண்டு விரலால் கிண்ணம் மாற்றச் சொல்வார். பென்சில் பிடிக்கக் கை பழகுமாம். "சோத்தத் தானா அள்ளித் திங்கத் தெரியாத புள்ளைக்கு ஏ பி சி டி எதுக்குங்கேன்?" என்பார். அவரிடம் பழகிய பிள்ளை அழாமல் பள்ளிக்கூடம் போகும் என்று ஊரில் நல்ல பேர். அதை யாராவது எடுத்துச் சொன்னால் இப்போதெல்லாம் முகம் செத்துப்போகிறது.

"பேரக் கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்கப்படாது." இதுதான் அவருடைய பழைய பாடம். முண்டியடித்து இறங்கி வேன் படியில் விழுந்துவிடக் கூடாதே என்று, குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வேன் விளையாட்டு நடத்துவார். கடைசிவரை அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய். பாண்டியராஜ் தினமும் அதை வாங்கினான். போன வருஷம் அவன் எல்.கே.ஜி. சேர்ந்த ஒன்பதாம் நாள் வழக்கமான டிரைவர் வரவில்லை. மாற்றாக வந்தவனுக்குப் பிள்ளைகள் பேர் தெரியாது. இறங்கினவர்களை இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா! சாயங்காலம் திறந்தபோது கடைசி சீட்டில், பை மடியிலேயே இருக்க, பிள்ளை செத்துக் கிடந்தான்.

ஊர் டிரைவரைத்தான் ஏசியது. டீச்சரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாண்டியராஜின் தாய் நாகஜோதி மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன சொல்லத் தட்டாத புள்ள டீச்சர்" என்று அழுதாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அதோடு வேன் விளையாட்டு நின்றது; இந்தக் கத்தல் ஆரம்பித்தது.

இப்போது அவருக்குக் கவலையெல்லாம் சபிஹாதான். பாஸிலாவின் மகள், நாலு வயது. பட்டன், சாப்பாடு எல்லாவற்றிலும் அவள்தான் முதல். கத்த மட்டும் மாட்டாள்.

"அவ அமைதியான புள்ள டீச்சர். யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது" என்று பாஸிலா பெருமையாகச் சிரிக்கிறாள்.

"தொந்தரவு குடுக்கட்டும்மா. அம்புட்டுப் பேரையும் அலற வைக்கட்டும்" என்றார் டீச்சர். வேன் வர இன்னும் பத்தே நாள்தான்.

நேற்று மற்றப் பிள்ளைகளை ஆயாவோடு வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, சபிஹாவை மட்டும் உள்ளே விட்டுச் சாத்தினார். ஒரு சத்தமும் இல்லை. திறந்தால், பாயில் சம்மணம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் தாயி கத்தல?"

"நீங்கதான் வெளிய நிக்கிறீங்கள்ல. கதவுக்கு அடியில ஒங்க காலு தெரியுதே."

டீச்சர் குனிந்து கதவடி இடுக்கைப் பார்த்தார். மறுபடி கதவைச் சாத்தித் தாழ் போட்டார். இந்தத் தடவை படியை விட்டு இறங்கிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

செத்த நேரம் கழித்து, "டீச்சர்?" என்றது உள்ளே. அவர் பதில் கொடுக்கவில்லை. "டீச்சர்!" பிறகு தட்டு கதவில் மோதியது. அப்புறம் ஒரு அலறல். பழக்கத்துக்குக் கத்துகிற கத்தல் இல்லை, நிஜமாகவே ஈரக்குலை நடுங்குகிற அலறல்.

ஆயா ஓடி வந்தாள். "தொறங்க டீச்சர், புள்ள பயந்துருச்சு!"

"இன்னும் சத்தமா, தாயி" என்றார் அய்யம்மாள். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. "இன்னும் சத்தமா." ஆயாவின் கை படாதபடி படியேறி வந்து, தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.